தலையில் அடிபட்ட பிறகு என் வயிற்றுக்கு என்ன ஆனது

தலையில் அடிபட்டவர்களுக்கு என்னென்ன வரும் என்று கேட்டால் தலைவலி, தலைசுற்றல், மறதி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது என்று யாரும் அடுக்கிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது எனக்கும் அதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். எல்லாம் வந்தது, மெல்ல மெல்லக் குறையவும் செய்தது. யாரும் சொல்லாமல் விட்டது வயிற்றைப் பற்றித்தான். தலைவலி அடங்கிய பிறகும் என்னை வேலைக்குத் திரும்பவிடாமல், நாலு பேருடன் உட்கார்ந்து சாப்பிடவிடாமல் வைத்திருந்தது குடல். தலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, சேமிப்பில் பெரும்பகுதியும் கரைந்துவிட்டது. இதே நிலையில் இருக்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் என்னைவிடச் சீக்கிரம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தேன். சிடி ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் சின்ன ரத்தக்கசிவு இருந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. சில நாள் ஐசியூ, அப்புறம் வார்டு. முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத் திரவ உணவு கொடுத்தார்கள். நுரையீரலில் தொற்று வந்ததால் ஊசியில் ஆன்டிபயாடிக் ஏறியது. வலிக்கு டிரமடால், வலிப்பு வராமல் இருக்க லெவிடிரசெட்டம், இரைப்பையில் புண் வராமல் இருக்க பான்டோபிரசோல். இத்தனையும் அந்த நேரத்தில் அவசியம். அதில் எனக்கு யார் மேலும் குறை இல்லை. ஆனால் இவற்றில் பல, போகிற போக்கில் குடலிலும் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகும் என்பது அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மலச்சிக்கல். மருந்தால்தான் என்று நினைத்தேன், ஓரளவு அது உண்மையும்கூட. வலி மாத்திரையை நிறுத்திய பிறகு சரியாகும் என்று பார்த்தால் உப்புசம் தொடங்கியது. காலையில் இடுப்பில் சரியாக நிற்கும் பேன்ட்டை மதியத்துக்குள் தளர்த்திவிட வேண்டியிருக்கும். வயிறு கல்லுபோல இறுகி, தட்டினால் சத்தம் வரும். அதற்குப் பிறகு சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் எதுவுமே போகாது. என்றைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாததால் வெளியே கிளம்பவே பயம். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்வேன். வயிறு மோசமாக இருக்கும் நாளில் தலையும் மந்தமாக இருக்கும். ஒரு வாக்கியத்தை நாலு தடவை படித்தாலும் மனதில் நிற்காது. இந்தக் கடைசி விஷயத்தை நான் டாக்டர்களிடம் சொன்னபோதெல்லாம் அது யாருடைய துறையிலும் சேராத ஒன்றாகவே விழுந்தது.

நான் தனியாக இருக்கிறவன். அக்கா தூரத்தில், போனில் மட்டும்தான். "நீ ஒழுங்காச் சாப்பிடறதில்ல, அதான் இப்படி" என்பாள். பாசத்தில் சொல்கிறாள் என்று தெரிந்தாலும், போனை வைத்த பிறகு அழுகை வரும். மூளை டாக்டரிடம் போனேன். மறு ஸ்கேனைப் பார்த்துவிட்டு "கசிவு கரைஞ்சிருச்சு, தலை நல்லா இருக்கு, வயித்துக்கு வயித்து டாக்டரைப் பாருங்க" என்றார். வயிற்று டாக்டர் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் செய்தார். குடலைச் சுத்தம் செய்ய முந்தின இரவு குடித்த மருந்தால் தலைசுற்றி, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டிலும் எதுவும் இல்லை. "ஐபிஎஸ் மாதிரி இருக்கு, டென்ஷனைக் குறைங்க" என்றார்கள். சோதனையில் எதுவும் தெரியாமலேயே வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு என்று குடல் தொந்தரவு தருவதற்குத்தான் அந்தப் பெயர். எதுவும் இல்லை என்று கேட்பது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அது, உனக்கு ஒன்றுமே இல்லை, நீயாகக் கற்பனை செய்கிறாய் என்று சொன்னதுபோல வலித்தது.

அதற்குப் பிறகுதான் பணம் அதிகமாகப் போனது. மலத்தில் ஒரு சிறு மாதிரியைத் தபாலில் அனுப்பினால் குடலில் எந்தெந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனை ஒன்றைச் செய்தேன். சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் வரைந்த அறிக்கை வந்தது. பாதிப் பட்டை சிவப்பு. அதே நிறுவனம் அந்தச் சிவப்பைப் பச்சையாக்கும் என்று மாத்திரைகளையும் பரிந்துரைத்தது. சில மாதம் வாங்கிச் சாப்பிட்டேன். உப்புசம் கூடியதுதான் மிச்சம். இப்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல முடியும்: இந்த வகைப் பரிசோதனையை வைத்து ஒரு தனி மனிதருக்கு நோய் இன்னது, மருந்து இன்னது என்று முடிவு செய்ய இன்னும் போதிய ஆதாரம் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே குடல் பாக்டீரியா ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும், ஒரே ஆளுக்கும் உணவைப் பொறுத்து மாறும். "சரியான அளவு" என்று கோடு போட்டு வைக்கும் நிலை வரவில்லை. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் என்னிடம் இருந்திருக்கும்.

திருப்பம் வந்தது மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம். நடையில் தடுமாற்றம் இருந்ததால் பிசியோதெரபிக்காகத்தான் போனேன். வயிற்றைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "டிஸ்சார்ஜ் சம்மரி கையில இருக்கா?" என்று கேட்டு வாங்கி, மருந்துப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஆன்டிபயாடிக்குக்கு ஒன்று, டிரமடாலுக்கு ஒன்று, குழாய் உணவுக்கு ஒன்று. பான்டோபிரசோலில் நிறுத்தி, "இதை எப்ப நிறுத்தினீங்க?" என்றார். நிறுத்தவே இல்லை என்றேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை மருந்துச்சீட்டு எழுதும்போதும் பழைய சீட்டிலிருந்து அது அப்படியே இறங்கி வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் மேலே "தலைக்காயம்" என்ற வரியில் பெரிதாக ஒரு புள்ளி வைத்து, "இதுவும் குடலைப் பாதிச்சிருக்கும். மருந்து எதுவுமே குடுக்கலைன்னாலும் பாதிச்சிருக்கும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. கற்பனை இல்லை என்று முதன்முறையாக ஒருவர் சொல்லியிருந்தார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூளைக்கும் குடலுக்கும் நடுவே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் வயிற்றிலிருந்து மூளைக்குத் தகவல் கொண்டுபோகிறவை, மீதிதான் மேலிருந்து கீழே வருகிறவை. தலையில் பலத்த அடி விழும்போது உடம்பு அதை உயிராபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலின், நாரட்ரினலின் போன்றவற்றைக் கொட்டுகிறது. ரத்தம் குடலைவிட்டு மற்ற இடங்களுக்குத் திருப்பப்படுகிறது, குடலின் அசைவு மந்தமாகிறது. குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அந்தச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் புரதங்கள் குறைந்துபோவது அடிபட்ட எலிகளிடம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பிடி தளர்ந்தால் உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு அமைப்பு கிளர்ந்தெழுகிறது, உடம்பு முழுக்க அழற்சி பரவுகிறது, அது ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கும் போய்ச் சேர்கிறது. ஆக, தலையில் தொடங்கியது வயிற்றுக்கு இறங்கி, வயிற்றிலிருந்து மறுபடி தலைக்கு ஏறுகிறது. வயிறு கெட்ட நாளில் தலை மந்தமாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

இதற்கிடையில் பாக்டீரியாவின் உலகமே மாறிவிடுகிறது. அசைவும் சுரப்பும் ரத்த ஓட்டமும் மாறினால், அங்கே குடியிருப்பவர்களில் சிலர் பெருகுவார்கள், சிலர் அழிவார்கள். 2018-ல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வில் தலையில் அடிபட்ட 24 மணி நேரத்திலேயே சில நல்ல இனங்கள் குறைந்திருந்தன. மனிதர்களிடம் 2017-ல் வந்த ஆய்வு ஒன்று, விபத்தில் கடுமையாகக் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் மலத்தைப் பார்த்தது. வந்து சேர்ந்த நேரத்தில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 72 மணி நேரத்தில் தெளிவாக இருந்தது. அது தலைக்காயம் மட்டும் பட்டவர்களின் ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆடும் 33 வீரர்களை ஒரு விளையாட்டுப் பருவம் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வில், தலையில் பலத்த அதிர்ச்சி பட்டவர்களிடம் இரண்டு இனங்கள் குறைந்திருந்தன. அப்படி அடிபட்டவர்கள் அதில் நாலே பேர்தான், அதனால் எண்ணிக்கை சின்னது. ஆனால் குறைந்த இனங்கள் எவை என்பது முக்கியம். இரண்டும் ப்யூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிப்பவை. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நொதிக்கவைத்து பாக்டீரியா இதை உண்டாக்குகிறது. பெருங்குடலின் சுவரில் இருக்கும் செல்களுக்கு இதுதான் முக்கியமான எரிபொருள். அது குறைந்தால் சுவர் பழுது பார்க்கப்படுவது தாமதமாகிறது.

குடலிலிருந்து மூளைக்கு என்ற எதிர்த்திசையிலும் ஆதாரம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குலைத்த எலிகளில், தலைக்காயத்துக்குப் பிறகு மூளையில் புது நரம்பு செல்கள் உருவாவது குறைந்தது. ப்யூட்டிரேட்டும் அதன் உறவுப் பொருள்களும் குடிநீரில் கலந்து கொடுக்கப்பட்ட எலிகள், அடிபட்ட பிறகும் இடத்தை நினைவுவைத்துக்கொள்வதில் தேறின. படிக்கும்போது நம்பிக்கை வரும். எனக்கும் வந்தது. ஆனால் எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தலைக்காயத்துக்கு இதைச் சாப்பிடுங்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு பாக்டீரியா மாத்திரை இன்றைக்கு இல்லை. அப்படி விற்கிறவர்கள் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எதையும் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருப்போம். அந்த நேரம் பார்த்து விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

புரோபயாடிக் என்று விற்கும் இந்த நல்ல பாக்டீரியா மாத்திரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆன்டிபயாடிக் முடிந்ததும் புரோபயாடிக் போட்டால் நல்லது என்பது பரவலான நம்பிக்கை. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில், அப்படிப் போட்டுக்கொண்டவர்களுக்கு அவர்களுடைய சொந்த பாக்டீரியா திரும்புவது உண்மையில் தாமதமானது. எதுவும் போடாதவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. எல்லாப் புரோபயாடிக்கும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை, இனத்தைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் மாறும். ஐசியூவில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், பெரிய ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அபூர்வமாக அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றாகிவிடும்.

சரி, எனக்கு எது உதவியது? முதலில் அந்த கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால், வழக்கமாக அமிலத்தில் சாக வேண்டிய வாய் பாக்டீரியா உயிரோடு குடலுக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட நாள் சாப்பிட்டால் குடல் தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. தலைக்காயத்துக்குப் பின் இரைப்பையில் புண் வருவதை ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் 1932-லேயே விவரித்திருக்கிறார், அதனால் ஐசியூவில் அதைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் தொடர்வதற்குத் தனிக் காரணம் வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லாததால் டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வரும், அப்போது பயந்து மறுபடி மாத்திரைக்கே போய்விடுவோம். குறைக்கும்போதும் கொஞ்ச நாள் எரிச்சல் இருக்கத்தான் செய்தது. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் தாங்க முடிந்தது. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், வயிற்றுக்கு ஆகவில்லை என்று தோன்றினாலும் டாக்டர் சொல்லித்தான்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் நான் அதிகம் அவதிப்பட்டேன். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்றை விடச் சொல்லியிருந்தார்கள். பருப்பு உப்புசம் தரும், விடு. வெங்காயம் ஆகாது. பால் ஆகாது. கோதுமை ஆகாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நார்ச்சத்தே இல்லாத வெள்ளைச் சாப்பாட்டில் வந்து நின்றிருந்தேன். உப்புசம் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் ப்யூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு இரை நார்ச்சத்துதான், அதைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒதுக்கி வைக்கும் உணவுமுறைகள் சில வாரங்களுக்கு மட்டும், அதுவும் உணவியல் நிபுணரின் கண்காணிப்பில். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவற்றின் முறையே. அந்த இரண்டாம் பகுதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த நிபுணர் மிகவும் பொறுமைசாலி. ஒரு தேக்கரண்டி அளவு வேகவைத்த பருப்பில் தொடங்கினோம். பல நாள் அதே அளவு. வயிறு பழகியதும் கொஞ்சம் கூட்டுவது, பிறகு வேறொரு காய், பிறகு ஒரு பழம். அவசரப்பட்டு ஒரே நாளில் நிறைய நார்ச்சத்து சேர்த்தால் வாயு தாங்காது, இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுவோம். தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் நார்ச்சத்தே மலச்சிக்கலைக் கூட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். அடிபட்ட பிறகு நினைவை நம்ப முடியாது, டாக்டர் கேட்கும்போது போன வாரம் எப்படி இருந்தது என்றே சொல்ல வராது. தேதி, சாப்பிட்டது, மலம் கட்டியாகவா தண்ணீராகவா, தூக்கம், தலை தெளிவு, மாத்திரை மாற்றம். ஒரு நாளுக்கு ஒரு வரிதான். சில வாரம் எழுதியதும் ஒன்று தெரிந்தது: என் வயிறு மிக மோசமான நாட்களுக்கு முந்தின இரவெல்லாம் தூக்கம் கெட்ட இரவு. சாப்பாட்டை மட்டும் சந்தேகித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயம். தூங்கி எழும் நேரத்தை ஒழுங்குபடுத்தியதும், தலைசுற்றல் அனுமதிக்கும் அளவுக்குத் தினமும் நடந்ததும் எந்த மாத்திரையையும்விட அதிகப் பலன் தந்தன. என் விஷயத்தில் அப்படி. அந்த நோட்டைப் பார்த்த பிறகு டாக்டர்கள் என்னிடம் பேசும் விதமே மாறியது.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் எழுதியதை வைத்து யாரும் எல்லாவற்றையும் குடல் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அது வயிறு அல்ல, மூளையில் அழுத்தம் கூடுவதாக இருக்கலாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், வலிப்பு, கண்மணிகள் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. முதியவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட மெதுவான கசிவு வெளிப்படும். அதேபோல மலம் தார்போலக் கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ போனால் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு காய்ச்சலுடன் ஒரு நாளில் பல தடவை தண்ணீராகப் போனால் கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற தொற்றா என்று மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். முக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும், அதனால்தான் ஐசியூவிலேயே மலமிளக்கி கொடுக்கிறார்கள்.

சோர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடல் ஓரளவு சரியான பிறகும் எனக்கு மதியத்துக்கு மேல் எழுந்து நிற்கவே முடியாமல் இருந்தது. மறுவாழ்வு மருத்துவர் தைராய்டு, கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் பார்க்கச் சொன்னார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தலைக்காயத்தில் பாதிக்கப்படுவது அபூர்வம் இல்லை, அதன் அறிகுறிகள் வெறும் சோர்வாகவும் மனச்சோர்வாகவும் தெரிவதால் விட்டுப்போகிறது. தலைக்காயம் பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் குடல் பாக்டீரியா மாறியே இருந்தவர்களை ஆராய்ந்த ஒரு குழு, இந்த ஹார்மோன் குறைவையும் சோர்வையும் குடல் மாற்றத்தையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறது. எனக்கு ஹார்மோன் அளவுகள் சரியாக இருந்தன. ஆனாலும் அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த பணம் வீண் என்று நினைக்கவில்லை, பார்க்காமல் விட்டிருந்தால் சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்டவரால் பல நேரம் தன் வயிற்றைப் பற்றிச் சொல்ல முடியாது. மறந்துவிடுவார், வார்த்தை வராது, வெட்கமாகவும் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் மருந்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாத்திரைக்கும் "இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, யார் நிறுத்தச் சொல்லணும்?" என்று நீங்கள் கேட்டு, பட்டியலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இப்போது போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "நோட்டுல இன்னிக்கு என்ன எழுதின?" என்று கேட்கிறாள். அரை நாள் வேலைக்குத் திரும்பிவிட்டேன். வெங்காயம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை நிபுணரைப் பார்க்கும்போது அதைத்தான் எடுக்கப்போகிறோம்.